கிளவுட் பேக்கப் சந்தாவை நிறுத்த ஆறு வழி இருக்கிறது, எதில் போவது?

"உங்கள் சந்தா இன்னும் சில நாள்களில் புதுப்பிக்கப்படும்" என்று ஒரு மெயில் வரும்போதுதான் பலருக்கும் ஞாபகமே வரும், ஓ, இதற்கு வேறு பணம் கட்டிக்கொண்டிருக்கிறோமா என்று. உடனே ஆப்பைத் திறந்து கேன்சல் பட்டனைத் தேடுவோம். அது எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும், கொஞ்சம் துழாவினால் கிடைத்துவிடும், அதற்காக யாரும் கட்டுரை எழுத வேண்டியதில்லை. பட்டனை அழுத்தியபின் உள்ளே கிடக்கும் பொருள் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். பாட்டுச் சந்தாவை இன்று நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி சேர்ந்தால் அதே பாட்டு அங்கேயே இருக்கும், ஏனென்றால் அது அவர்களுடைய சரக்கு. பேக்கப்பில் கிடப்பது நம் சரக்கு, வாடகை நின்றால் ஒரு நாள் கிடங்கைக் காலி செய்துவிடுவார்கள்.

வெளியே வருவதற்கு நான் பார்த்தவரை ஆறு வழி உண்டு. தானாகப் புதுப்பிப்பதை மட்டும் அணைத்துவிட்டுக் கட்டிய காலம் வரை ஓட்டுவது. இன்றே முடித்துக்கொள்வது. சின்னத் திட்டத்துக்கோ இலவசத்துக்கோ இறங்குவது. கார்டை முடக்கிவிட்டு அவர்களே நிறுத்தட்டும் என்று விடுவது. கணக்கையே அழிப்பது. அப்புறம், வேறு இடத்துக்கோ சொந்த டிஸ்குக்கோ மொத்தமாகக் குடிபெயர்வது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்துக்கு எட்டுப் பேருக்கு முதல் வழிதான் சரி, அதுவும் குடிபெயர்ந்து முடித்த பிறகு. ஆனால் அந்த மீதி இரண்டு பேரில் நீங்கள் இருக்கலாம், அதனால் முழுசாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை

போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இப்போது கேலரியில் மூன்று நான்கு வருடம் பின்னால் போய் ஒரு போட்டோவைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்குங்கள். பளிச்சென்று தெரிந்தால் அசல் போனிலேயே இருக்கிறது. மங்கலாகவே நின்றாலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தாலோ போனில் இருப்பது வெறும் நகல் படம், அசல் கிளவுடில் மட்டும்தான் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது சீட்டு குலுக்கிப் போடுவது மாதிரிதான்.

இப்படி ஆவதற்கு நாம்தான் காரணம், ஆனால் தெரிந்து செய்திருக்க மாட்டோம். ஐபோனில் ஐகிளவுட் போட்டோஸை ஆன் செய்யும்போது போனில் இடத்தை மிச்சப்படுத்தும் ஒரு வசதி இருக்கிறது, அது அசலை மேலே அனுப்பிவிட்டுச் சின்னப் படத்தை மட்டும் போனில் வைத்துக்கொள்ளும். கூகுள் போட்டோஸில் இடத்தைக் காலி செய்யும் பட்டன் ஒன்று உண்டு, பேக்கப் ஆகிவிட்ட படங்களை அது போனிலிருந்து அழித்துவிடும். போன் நிறைந்துவிட்டது என்று கத்தும் நேரத்தில் அதை யார் யோசித்து அழுத்துகிறார்கள்? நாம் பேக்கப் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பொருள் அந்த நிமிடத்திலிருந்து பேக்கப்பே இல்லை, அதுதான் ஒரே பிரதி. இரண்டாவது பிரதி இல்லாத ஒன்றைப் பேக்கப் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கம்ப்யூட்டரிலும் இதே குழப்பம் வேறு உருவில் வரும். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் எல்லாம் அடிப்படையில் சிங்க் செய்பவை, அதாவது இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பேக்பிளேஸ் மாதிரியானவை தனி பேக்கப் சேவைகள், கம்ப்யூட்டரில் இருப்பதைப் பிரதி எடுத்து வைப்பவை. முதல் வகையிலிருந்து வெளியே வரும்போது ஃபைல்கள் உங்கள் டிஸ்கில் நிஜமாகவே இருக்கின்றனவா, அல்லது பெயர் மட்டும் தெரிந்து திறக்கும்போது இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் வகையில் உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது இல்லாத பழைய பதிப்புகளும், முன்பு அழித்த ஃபைல்களும் அங்கே மட்டும் இருக்கலாம், சந்தா போனால் அவையும் சேர்ந்து போகும்.

புதுப்பிப்பதை மட்டும் அணைப்பதா, இன்றே முடிப்பதா

இந்த இரண்டும் பல சேவைகளில் ஒரே பக்கத்தில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில் இருக்கும். நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வருடச் சந்தா ஒன்றில் நான்கு மாதம் மீதி இருந்தது, எப்படியும் தொடரப் போவதில்லை என்று முடிவு செய்து ஒரு ராத்திரி உட்கார்ந்து கேன்சல் செய்தேன். "இப்போதே நிறுத்து", "காலம் முடிந்ததும் நிறுத்து" என்று இரண்டு கேட்டது. பணம் கொஞ்சம் திரும்ப வருமோ என்ற நப்பாசையில் முதலாவதை அழுத்தினேன். பணமும் வரவில்லை, நான்கு நாள் கழித்து ஸ்கேன் செய்து வைத்த பழைய காகிதங்கள் இருந்த ஃபோல்டரைத் தேடி உள்ளே போனால் பேக்கப்பும் இல்லை. சப்போர்ட்டில் கேட்டால் "அழிக்கப்பட்டதை மீட்க வழியில்லை" என்று ரொம்ப மரியாதையாகப் பதில் வந்தது. அந்த ஃபோல்டரை லேப்டாப்பிலிருந்து நான்தான் எடுத்திருந்தேன், அதுதான் பேக்கப்பில் இருக்கிறதே என்று.

அதனால் சொல்கிறேன், கட்டிய காலம் மீதி இருந்தால் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். வருடச் சந்தாவைப் பாதியில் நிறுத்தினால் மீதி மாதங்களுக்குக் கணக்குப் போட்டுப் பணம் தருபவர்கள் குறைவு. பணம் வராது என்றால் இன்றே முடிப்பதில் உங்களுக்கு என்ன லாபம்? புதுப்பித்தலை அணைத்துவிட்டால் அடுத்த பில் வராது, ஆனால் உள்ளே இருப்பதை நிதானமாக இறக்கிக்கொள்ள நாள் இருக்கும். மறந்து போன ஒரு ஃபைல் இரண்டு வாரம் கழித்து ஞாபகம் வந்தால்கூட எடுக்கலாம். அந்த மாதங்களை ஓசிப் பாதுகாப்பு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே முடிப்பது சரியாக வரும் இடம் ஒன்றுதான்: நேற்றோ முந்தாநாளோ தானாகப் பணம் பிடித்துவிட்டார்கள், உங்களுக்கு வேண்டாம், பணத்தைத் திரும்பக் கேட்கப் போகிறீர்கள். அப்போது தாமதம் செய்யாமல் கேட்பது நல்லது, நாள் போகப் போக அவர்கள் இல்லை என்று சொல்வது சுலபமாகிவிடும். ஆனால் ரீஃபண்ட் தந்த உடன் திட்டத்தையும் பிடுங்கிவிடுவார்கள் என்பதால், டேட்டா கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கே அணைப்பது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கே பணம் கட்ட ஆரம்பித்தீர்களோ அங்கேதான் நிறுத்த முடியும். ஐபோனில் ஆப் வழியாகச் சேர்ந்திருந்தால் ஆப்பிள் கணக்கின் சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தில், ஆண்ட்ராய்டில் சேர்ந்திருந்தால் பிளே ஸ்டோரின் சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தில், அந்த கம்பெனியின் இணையதளத்தில் நேராகக் கார்டு கொடுத்திருந்தால் அந்தத் தளத்தில். சேவையின் தளத்தில் பட்டனே காணோம் என்று திட்டுபவர்களில் பாதிப் பேர் ஸ்டோர் வழியாகச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். பழைய பில் மெயிலை எடுத்துப் பாருங்கள், யார் அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆப்பிளில் புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு நாளாவது முன்னால் அணைத்துவிட வேண்டும், கடைசி ராத்திரி வரை காத்திருந்தால் பில் வந்து சேர்ந்துவிடலாம்.

நிறுத்தாமல் இறங்குவது

இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. இரண்டு டிபி திட்டத்தில் இருந்துகொண்டு நூற்றுச் சொச்சம் ஜிபிதான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் உங்களுக்குத் தேவை கேன்சல் பட்டன் அல்ல, டவுன்கிரேட் பட்டன். கட்டணம் பெருமளவு குறையும், ஒரு ஃபைலைக்கூட நகர்த்த வேண்டாம், தலைவலி ஏதும் இல்லை. ஐகிளவுடில் இறங்கினால் கட்டிய மாதம் முடிந்த பிறகுதான் அது அமலுக்கு வரும், நடுவில் இடத்தைக் காலி செய்யவும் நேரம் கிடைக்கும்.

முழு இலவசத்துக்கே இறங்குவது வேறு கதை. இலவசமாகக் கிடைக்கும் இடம் கூகுளில் 15 ஜிபி, ஐகிளவுடில் 5, ஒன்டிரைவில் 5, டிராப்பாக்ஸில் 2. இதில் கூகுளின் 15 ஜிபி பெரிதாகத் தெரிந்தாலும் அது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பானை, ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் வாட்ஸ்ஆப் பேக்கப்பும் அதிலேயே வந்து உட்காரும். 2021 ஜூன் 1-க்கு முன்னால் குறைந்த தரத்தில் ஏற்றிய போட்டோக்கள் கணக்கில் வராது, அதற்குப் பின் ஏற்றியவை எல்லாம் வரும். அதனால் "எனக்கு முன்னெல்லாம் இலவசமே போதுமாக இருந்ததே" என்ற பழைய ஞாபகத்தை நம்பி இறங்காதீர்கள்.

அளவுக்கு மேல் வைத்துக்கொண்டு இலவசத்துக்கு இறங்கினால் என்ன ஆகும்? உடனே எதையும் அழிக்க மாட்டார்கள். அதுதான் ஆபத்தும்கூட, ஏனென்றால் எதுவும் ஆகவில்லை என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுவோம். கூகுளில் புதுப் படம் ஏறாது, டிரைவில் புது ஃபைல் ஏறாது, எல்லாவற்றையும்விட மோசமாக ஜிமெயிலில் மெயில் போகாமல் வராமல் நின்றுவிடும். உங்களுக்கு அனுப்பியவருக்கு மெயில் திரும்பிப் போகும், உங்களுக்கு அது வந்ததே தெரியாது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். இரண்டு வருடம் இப்படியே அளவுக்கு மேல் இருந்தால் உள்ளே இருப்பதை அழிக்க அவர்களுடைய விதிகள் இடம் கொடுக்கின்றன. ஒன்டிரைவில் அந்தப் பொறுமை இன்னும் குறைவு, கணக்கு முடங்கி ஆறு மாதம் வரை சரிசெய்யாமல் விட்டால் ஃபைல்கள் போகக்கூடும். ஐகிளவுடில் சிங்க் நிற்கும், ஐகிளவுட் மெயில் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் நிற்கும். போனின் முழு பேக்கப்பை அணைத்துவிட்டாலோ பயன்படுத்துவதை நிறுத்திவிட்டாலோ அது 180 நாள்தான் அங்கே இருக்கும், அப்புறம் போய்விடும்.

குடும்பத்தோடு பகிர்ந்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கூகுள் ஒன், ஐகிளவுட் பிளஸ் என்ற கட்டணத் திட்டங்களில் பணம் கட்டுபவர் போக இன்னும் ஐந்து பேர் வரை அதே இடத்தைப் பயன்படுத்தலாம். நீங்கள் நிறுத்தினால் கட்டிய காலம் முடிந்ததும் அவர்கள் ஐந்து பேரும் இலவச அளவுக்கு விழுவார்கள். அம்மாவின் போனில் பேக்கப் நின்றது அவருக்குத் தெரியவே தெரியாது, அந்தப் போன் தண்ணீரில் விழும்வரை. முதலில் வீட்டு வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு வார்த்தை போட்டுவிட்டு, யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அப்புறம் கை வையுங்கள்.

கார்டை முடக்குவது

ரொம்பப் பேர் பெருமையாகச் சொல்லும் வழி இது. "நான் கேன்சலெல்லாம் பண்ணவில்லை, கார்டையே மாற்றிவிட்டேன், அவர்களே நிறுத்திக்கொள்வார்கள்." ஒரு பாட்டுச் சந்தாவுக்கு இது ஓடும். பேக்கப்புக்கு இதைவிட மோசமான வழி எனக்குத் தெரியவில்லை. எப்போது நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. பணம் பிடிக்க முடியாமல் சில நாள் முயற்சி செய்வார்கள், "கார்டைச் சரிபாருங்கள்" என்று மெயில் அனுப்புவார்கள், அது சலுகை விளம்பர மெயில்களோடு கலந்து கிடக்கும், பிறகு ஒரு நாள் கணக்கு முடங்கும், அதன் பிறகு எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பது ஒவ்வொரு சேவைக்கும் ஒவ்வொரு மாதிரி. அதே கணக்கில் வாங்கிய மற்ற பொருள்கள் இருந்தால் நிலுவைத்தொகை என்ற பெயரில் அவற்றுக்கும் தடை வரலாம். பழைய கார்டின் புது எண் வங்கி வழியாகத் தானாகவே அவர்களுக்குப் போய், நின்றது என்று நினைத்த சந்தா நிற்காமல் ஓடுவதும் உண்டு.

வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்குவதும் இதே இனம்தான். நிறுத்தச் சொல்லி எழுத்தில் ஆதாரம் வைத்திருந்து, அதற்குப் பின்னும் பிடித்தார்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அதைச் செய்யும் அன்று அந்தக் கணக்கு போய்விட்டது என்று மனதில் முடிவு கட்டிக்கொள்ளுங்கள். ஜிமெயிலும் அதே கணக்கில் இருந்தால் பத்து முறை யோசியுங்கள்.

கணக்கையே அழிப்பது

இதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் பொருள் அவர்கள் சர்வரில் இருக்கவே கூடாது என்று நினைத்தால் இதுதான் வழி, வெறும் சந்தாவை நிறுத்துவது அதற்குப் போதாது. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் சந்தாவை ஸ்டோரில் நிறுத்த வேண்டும், பிறகுதான் கணக்கு. கணக்கு அழிந்த பிறகும் ஸ்டோரில் சந்தா ஓடிக்கொண்டிருந்தால், எதற்கு என்றே தெரியாத ஒன்றுக்கு மாதாமாதம் பணம் போகும், உள்ளே நுழைந்து பார்க்கவும் கணக்கு இருக்காது. பல வருடம் திரும்பிப் பார்க்காத கூகுள் கணக்காக இருந்தால் அழிக்கக்கூட வேண்டாம், இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேண்டாத கணக்குக்கு அது வசதி. வேண்டிய கணக்காக இருந்தால் அடிக்கடி ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கே குடிபெயர்வது, எப்படி இறக்குவது

உண்மையான வேலை எல்லாம் இங்கேதான் இருக்கிறது, நேரம் தின்பதும் இதுதான். முதலில் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் இணையம் இருந்தால் ஒரு டிபி இறங்க 22 மணி நேரம் ஆகும், அதுவும் ஒரு நொடி விடாமல் முழு வேகத்தில் இறங்கினால். 40 மெகாபிட் என்றால் 200 ஜிபிக்கே 11 மணி நேரம். நடைமுறையில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் தேதிக்கு முதல் நாள் ராத்திரி ஆரம்பித்தால் நடக்காது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது.

கூகுளிலிருந்து இறக்க டேக்அவுட் என்று ஒன்று இருக்கிறது. எதெது வேண்டும் என்று டிக் செய்தால் ஜிப் ஃபைல்களாகக் கட்டித் தரும், ஒரு கட்டு 50 ஜிபி வரை வைத்துக்கொள்ளலாம். இங்கே மூன்று இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, தயாரான இணைப்பு ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும், அதற்குள் எல்லாக் கட்டையும் இறக்க முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். இரண்டு, பழைய பென்டிரைவோ டிஸ்கோ ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அது ஏற்காது, 50 ஜிபி கட்டை அதில் போடப் போனால் ஏறாது, இடம் நிறைய இருக்கும்போதே. எக்ஸ்ஃபேட் முறையில் மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றும்போது டிஸ்கில் இருப்பது அழியும் என்பதையும் மறக்க வேண்டாம். மூன்று, போட்டோவோடு கூடவே ஜேசன் என்ற முடிவோடு ஆயிரக்கணக்கில் குட்டி ஃபைல்கள் வரும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள், எடுத்த தேதி, இடம் எல்லாம் சில படங்களுக்கு அதில்தான் இருக்கும், குறிப்பாக நீங்கள் தேதியைத் திருத்தியிருந்தால்.

இறக்கி மறுபடி ஏற்றுவதற்குப் பதில் நேராகவே மாற்றும் வசதியும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. டேக்அவுட் கட்டுகளை நேரே டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், பாக்ஸ் ஆகியவற்றுக்கு அனுப்பச் சொல்லலாம். ஆப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் போய்க் கேட்டால் ஐகிளவுட் போட்டோக்களின் பிரதியைக் கூகுள் போட்டோஸுக்கு அனுப்புவார்கள், மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும். பகிர்ந்த ஆல்பங்கள் மாதிரி சிலது வராது. அங்கே இருப்பது அழியாது, பிரதிதான் போகும் என்பதால் தைரியமாக முயற்சி செய்யலாம். மெதுவான இணையம் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வரம். தனி பேக்கப் சேவைகளில் பேக்பிளேஸ் இன்னொரு மாதிரி: 8 டிபி வரை டிஸ்கில் போட்டு வீட்டுக்கே அனுப்புவார்கள், 30 நாளுக்குள் டிஸ்கைத் திருப்பி அனுப்பினால் அதற்கான பணத்தைத் திரும்பத் தருவார்கள். நீங்களே வைத்த ரகசியக் குறியீட்டுச் சாவி இருந்தால் அது கையில் இருக்கும்போதே மீட்டுவிடுங்கள், சாவி தொலைந்தால் கம்பெனியாலும் திறக்க முடியாது, அதற்காகத்தானே அதை வைத்தோம்.

சரி, எங்கே வைப்பது? சொந்த டிஸ்க் என்றால் ஒரு முறை செலவு, மாதா மாதம் யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஆனால் டிஸ்க் செத்துப் போகும், முன்னறிவிப்பு கொடுக்காமல் சாகும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே மேசையில் கிடந்தால் ஒரே திருட்டில், ஒரே தீயில் இரண்டும் போகும். பேக்கப் உலகில் மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். கிளவுட் சந்தா செய்துகொண்டிருந்தது அந்த "வேறு இடத்தில்" வேலையைத்தான். அதை நிறுத்தினால் அந்த இடத்தை யாராவது நிரப்ப வேண்டும், தம்பி வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்காக இருந்தாலும் சரி. இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வைத்து, சில மாதத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளும் பொறுமை உங்களுக்கு உண்டா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இல்லை. இரண்டு முறை மாற்றினேன், மூன்றாவது முறை ஒரு வருடம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. அதனால் நான் முக்கியமான ஃபோல்டர்களுக்கு மட்டும் ஒரு சின்ன கிளவுட் திட்டம், மற்றதெல்லாம் டிஸ்க் என்று நின்றுவிட்டேன்.

கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் நேராக அமேசானின் கிளேசியர் மாதிரி மலிவான கிடங்குகளுக்குப் போவார்கள். விலை ஆசை காட்டும், ஆனால் அதன் மிக மலிவான வகையில் ஒரு ஃபைலைப் போட்டால் 180 நாளுக்கான வாடகை கட்டாயம், முன்னாலேயே அழித்தாலும் கட்ட வேண்டும். எடுக்க 12 மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை காத்திருக்க வேண்டும், எடுப்பதற்கும் வெளியே கொண்டுபோவதற்கும் தனிக் கட்டணம். ஒரு சந்தாவின் பிடியிலிருந்து தப்பித்து இன்னொன்றில் மாட்டிக்கொள்வது மாதிரி ஆகிவிடும். போடும்போது பார்க்க வேண்டியது எடுக்கும் விலையைத்தான்.

வேறு கிளவுடுக்கு மாறுகிறீர்கள் என்றால் புதிய இடத்தில் எல்லாம் ஏறி முடிந்து, குறைந்தது ஒரு மாதமாவது இரண்டும் சேர்ந்து ஓடட்டும். அந்த ஒரு மாதக் கூடுதல் கட்டணத்தை வீண் என்று நினைக்கத் தோன்றும். நினைக்காதீர்கள்.

இந்தச் சேவைகளை நீங்கள் விடாவிட்டாலும் அவை உங்களை விடலாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான கிராஷ்பிளான் சேவையை நிறுத்தப் போவதாக 2017 ஆகஸ்டில் அறிவித்து 2018 அக்டோபரில் மூடினார்கள். அமேசான் டிரைவ் 2023 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. இரண்டிலும் ஒரு வருடத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தார்கள், அந்த மட்டில் நல்லவர்கள். எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எழுதி வைத்திருக்கவில்லை. அதனால் நிறுத்தும் எண்ணமே இல்லாதவர்கள்கூட ஒரு முறை முழுசாக இறக்கிப் பார்த்து வைப்பது நல்லது, வாசல் எங்கே இருக்கிறது என்றாவது தெரியும்.

இறக்கியதை நம்புவதற்கு முன்

ஃபைல் வந்துவிட்டது என்பதும் ஃபைல் திறக்கிறது என்பதும் ஒன்றல்ல. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் கம்பெனியில் ஒருவர் தவறுதலாக முக்கியமான டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து விதமான பேக்கப் வழிகள் வைத்திருந்தும் ஒன்றுகூடச் சரியாக வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தற்செயலாக ஆறு மணி நேரம் முன்னால் எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. அதுவே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்.

ஜிப் கட்டுகளை அப்படியே வைத்துவிடாமல் பிரித்துப் பாருங்கள், பாதியில் அறுந்த கட்டு பிரிக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். மொத்த எண்ணிக்கையை ஒப்பிடுங்கள், மேலே பதினெட்டாயிரம் படம், கீழே பதினான்காயிரம் என்றால் எங்கோ ஒரு கட்டு விட்டுப்போயிருக்கிறது. பிறகு வெவ்வேறு வருடத்திலிருந்து இருபது ஃபைல் எடுத்துத் திறந்து பாருங்கள், அதில் இரண்டு மூன்று நீளமான வீடியோ இருக்கட்டும், கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். கட்டளை வரியில் பழக்கம் இருந்தால் ஆர்குளோன் என்ற இலவச மென்பொருள் இருபக்கத்தையும் தானே ஒப்பிட்டுச் சொல்லும்.

ஆக, யாருக்கு எது?

இடம் மிச்சம் கிடக்கிறது, சேவையில் குறை இல்லை, பணம்தான் உறுத்துகிறது என்றால் சின்னத் திட்டத்துக்கு இறங்குங்கள், இந்தக் கட்டுரையில் மீதி எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. ஃப்ளைட் மோட் சோதனையில் படம் மங்கலாக வந்திருந்தால் கேன்சல் என்ற வார்த்தையையே ஒரு மாதம் மறந்துவிட்டு இறக்குவதைப் பாருங்கள். ஐகிளவுட் போட்டோஸை மொத்தமாக அணைத்து, கிளவுடில் இருப்பதையும் அழிக்கச் சொன்னால் அதை எடுத்துக்கொள்ள 30 நாள் தருவார்கள், அந்த 30 நாளை நம்பித் திட்டம் போடாதீர்கள், அது தவறி விழுந்தால் பிடித்துக்கொள்வதற்கு. எல்லாம் கையில் இருக்கிறது, சோதித்தும் விட்டீர்கள் என்றால் புதுப்பிப்பதை அணைத்துவிட்டு மீதிக் காலத்தை ஓட்டுங்கள். பணத்தைத் திரும்ப வாங்க வழியிருந்தால் மட்டும் இன்றே முடியுங்கள். அலுவலகக் கணக்காக இருந்தால் அட்மினைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள், அங்கே விதிகளே வேறு.

அணைத்ததும் உறுதி செய்யும் மெயில் வந்திருக்கிறதா பாருங்கள், "கொஞ்ச நாள் பாதி விலைக்குத் தருகிறோம், இருங்களேன்" என்ற பக்கத்தோடு முடித்துவிட்டு மூடியிருந்தால் எதுவும் நின்றிருக்காது, கடைசிப் பக்கம் வரை போயிருக்க வேண்டும். மெயிலையும், சந்தா முடியும் தேதி தெரியும் திரையையும் படம் எடுத்து வையுங்கள், அந்தப் படத்தை நிறுத்தப் போகும் கிளவுடில் வைக்காமல் இருந்தால் சரி. போனில் இரண்டு நினைவூட்டல்: ஒன்று முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால், எதையாவது விட்டுவிட்டோமா என்று கடைசியாக உள்ளே போய்ப் பார்க்க. இன்னொன்று அதற்கு மூன்று நாள் பின்னால், கார்டில் பணம் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்க.